தலைகீழாய்ப் பிடித்த கை

பிரசவ அறையில் குழந்தை முழுதாக வெளியே வந்ததும் என் கண் முதலில் போகும் இடம் சுவர்க் கடிகாரம். கேஸ் ஷீட்டில் நேரம் எழுதவேண்டும். அதைவிட, வாசலில் காத்திருக்கும் சனத்துக்குப் பதில் சொல்லவேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு, "சிஸ்டர், கரெக்டா எத்தனை மணிக்குப் பொறந்துச்சு?" என்பார்கள். ஜாதகம் கணிக்கவேண்டுமே. விவரம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அத்தோடு விடமாட்டார். "தலை தெரிஞ்ச நேரமா, கொடி அறுத்த நேரமா, இல்ல அழுத நேரமாம்மா?"

"உடம்பு முழுசா வெளிய வந்த நேரம்யா" என்பேன்.

என் அப்பத்தா சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் மருத்துவச்சி. அவளைக் கேட்டிருந்தால் அழுத நேரம் என்றுதான் சொல்லியிருப்பாள். அழாத பிள்ளைக்கு ஜாதகம் எதற்கு என்பது அவள் கணக்கு. அழாத பிள்ளைக்கு அவள் வைத்தியமும் வைத்திருந்தாள். சின்ன வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டுவாள். முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். கொடியை அறுக்காமல் நஞ்சை வெந்நீரில் போட்டுச் சூடு காட்டுவாள். உயிர் நஞ்சிலிருந்து கொடி வழியாகப் பிள்ளைக்கு ஏறும் என்பாள். சில பிள்ளைகள் அழும். சில அழாது. "வந்த வழியே போயிருச்சு" என்று கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள்.

நான் அவளைவிட விவரமானவள் என்ற நினைப்போடுதான் 1985-இல் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். அழாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. இரண்டு காலையும் சேர்த்து இடக்கையால் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவேண்டும். வலக்கையால் உள்ளங்காலில் சுண்டவேண்டும், முதுகில் தட்டவேண்டும். சளி உறிஞ்சும் குழாயின் ஒரு முனையைக் குழந்தையின் வாயிலும் மறுமுனையை நம் வாயிலும் வைத்து உறிஞ்சவேண்டும். நாக்கில் மூச்சைத் தூண்டும் மருந்தான கோரமின் இரண்டு சொட்டு. அதற்கும் மசியாவிட்டால் தொப்புள்கொடி வழியாக சோடா பைகார்ப் ஊசி. இத்தனைக்கும் நடுவில் ஆக்சிஜன் குழாயை மூக்கருகே ஒருத்தி பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும்.

சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு ராத்திரி டூட்டியில், நீலம் பாரித்து வந்த ஆண் குழந்தை ஒன்றை நானே இப்படித் தூக்கித் தட்டினேன். நாலாவது தட்டில் வீறிட்டது. "கைராசிக்காரிடி நீ" என்றார் பெரிய சிஸ்டர். அடுத்த வாரமே ஒரு பெண் குழந்தை வந்தது. அது நீலமாக இல்லை, வெளுத்திருந்தது. துணிபோலத் துவண்டு கிடந்தது. அதே கை, அதே தட்டு, அதே கோரமின். ஒன்றும் நடக்கவில்லை. கையால் அமுக்கிக் காற்றூதும் ஆம்பு பேக் இருந்தது, ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பொருள் என்பதால் பீரோவுக்குள் இருந்தது. சாவி ஹெட் நர்ஸிடம். அவர் வீட்டில்.

இரண்டு குழந்தைக்கும் செய்தது ஒன்றுதான். ஒன்று ஏன் அழுதது, இன்னொன்று ஏன் அழவில்லை? பல வருஷம் கழித்து நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கச் சொன்னபோதுதான் இதற்குப் பதில் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்தபோது ஒன்று தெரிந்தது. என் அப்பத்தா தனியாள் இல்லை.

சரக சம்ஹிதையில் பிறந்த குழந்தை மூச்சுவிடாமல் கிடந்தால் செய்யவேண்டியவை சொல்லப்பட்டிருக்கின்றன. காதருகே இரண்டு கற்களைத் தட்டி ஓசை எழுப்பவேண்டும். முகத்தில் குளிர்ந்த நீரோ வெந்நீரோ தெளிக்கவேண்டும். முறத்தால் விசிறவேண்டும். ஐரோப்பாக்காரர்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இதைவிடத் துணிந்தவர்கள். தண்ணீரில் மூழ்கியவரை எழுப்ப ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதினார்கள், அந்த வைத்தியம் பச்சைக் குழந்தைக்கும் வந்தது. வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார்கள். நாக்கை இடுக்கியால் பிடித்துத் தாளகதியில் இழுத்தார்கள். 1871-இல் ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் ஷுல்ட்சே ஒரு முறையை எழுதினார். குழந்தையின் அக்குளில் கைகொடுத்துப் பிடித்து, தன் தலைக்கு மேலே வீசித் தூக்கி, மறுபடி கால்களுக்கிடையே இறக்கவேண்டும். தூக்கும்போது நெஞ்சு அமுங்கி மூச்சு வெளியேறுமாம், இறக்கும்போது விரிந்து உள்ளே போகுமாம். ஈரக் குழந்தையைக் காற்றில் வீசினால் குளிர்ந்துபோகும், எலும்பு முறியும் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் அந்த ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

மெஷின் காலம் வந்தபோது மெஷினிலும் அதே கதைதான். 1950-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் ஆலன் பிளாக்சம் ஓர் இரும்பு உருளை செய்தார். குழந்தையை உள்ளே வைத்து மூடி, ஆக்சிஜன் கலந்த காற்றின் அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். பிரசவ வலியில் கருப்பை இறுக்கித் தளர்வதுபோல இதுவும் இறுக்கித் தளர்த்தி மூச்சைக் கிளப்பும் என்பது அவர் எண்ணம். பளபளவென்று சன்னல் வைத்த பெட்டி. மருத்துவமனைகள் வாங்கிப் போட்டன. 1956-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்தப் பெட்டிக் குழந்தைகளையும் சாதாரண இன்குபேட்டர் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெட்டியால் ஒரு நன்மையும் இல்லை. சத்தமில்லாமல் பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின.

அந்த ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? "நல்லா அழுதுச்சு", "சுமாரா இருக்கு" என்று எழுதி வைத்தால் எதை எதோடு ஒப்பிடுவது? அளவுகோல் செய்தவர் ஒரு பெண். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்து மயக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார். அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று வந்தவரை, பெண்ணுக்கு அதில் பிழைப்பு இராது என்று சொல்லி மயக்க மருந்துப் பக்கம் திருப்பினார்கள். அங்கிருந்து பார்த்ததால்தானோ என்னவோ, அறையில் எல்லாரும் தாயைக் கவனிக்கும்போது அவர் குழந்தையைக் கவனித்தார். 1949-இல் மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாணவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்க, கையில் கிடைத்த அட்டையில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் வரும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் பத்து. 1953-இல் கட்டுரையாக வெளியிட்டபோது 1,021 குழந்தைகளின் மதிப்பெண் அவரிடம் இருந்தது. 8 முதல் 10 வரை எடுத்த குழந்தைகளில் இறந்தவை 0.13 சதவீதம். 0 முதல் 2 வரை எடுத்தவற்றில் 14 சதவீதம். நேரம் எப்போது தொடங்குகிறது என்பதையும் அவர் சொல்லியிருந்தார்: உடம்பு முழுதாக வெளியே வந்த நொடி, கொடியும் நஞ்சும் கணக்கில்லை, அதிலிருந்து அறுபதாவது விநாடியில் மதிப்பெண் போடு. ஜாதகம் கேட்ட பெரியவர்களுக்கு நான் சொன்ன பதில் அப்காரம்மா சொன்னதுதான்.

இனி அந்த இரண்டு குழந்தைகளுக்கு வருகிறேன். 1950-களிலும் 60-களிலும் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாவ்ஸ் குழுவினர் ஆட்டுக்குட்டிகளையும் குரங்குக் குட்டிகளையும் வைத்து மூச்சுத் தடைபடும்போது நடப்பதை நிமிஷம் நிமிஷமாகப் பதிவுசெய்தார்கள். ஆக்சிஜன் கிடைக்காத குட்டி முதலில் வேகமாக மூச்சுக்குப் போராடும். பிறகு ஓய்ந்துவிடும். இது முதல் ஓய்வு. கொஞ்ச நேரம் போனால், யாரும் ஒன்றும் செய்யாமலே, விட்டு விட்டு வாயைத் திறந்து மூச்சிழுக்கும். அந்த இழுப்புகள் இளைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். இது இரண்டாம் ஓய்வு. முதல் ஓய்வில் கிடக்கும் குட்டியைக் கிள்ளினாலும் துடைத்தாலும் தண்ணீர் தெளித்தாலும் மூச்சு வரும். இரண்டாம் ஓய்வில் எது செய்தாலும் வராது. நுரையீரலுக்குள் காற்றை ஊதி நிரப்பினால்தான் உண்டு. கடைசி இழுப்புக்குப் பிறகு காற்றூத ஒரு நிமிஷம் தாமதித்தால், குட்டி மறுபடி மூச்சிழுக்கத் தொடங்க இரண்டு நிமிஷம் கூடுதலாகிறது. சீராக மூச்சுவிட நாலு நிமிஷம் கூடுதலாகிறது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீறிட்ட பையன் முதல் ஓய்வில் இருந்தவன். வெறுமனே துடைத்துவிட்டிருந்தாலும் அழுதிருப்பான். கைராசி என்று ஒன்றுமில்லை. துவண்டு கிடந்தவள் இரண்டாம் ஓய்வில் இருந்திருக்கவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது பீரோவுக்குள் இருந்தது. சரகரின் முறமும் ஷுல்ட்சேயின் ஊஞ்சலும் அப்பத்தாவின் வெங்காயமும் நூற்றாண்டுக்கணக்காக ஏன் பிழைத்திருந்தன என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. எதைச் செய்தாலும் அழக்கூடிய பிள்ளை ஊருக்கு ஊர் பிறந்துகொண்டுதான் இருந்தது; பெயர் மட்டும் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போனது. மூச்சைத் தூண்டும் மருந்துகளையும் டாவ்ஸ் குழு விடவில்லை. இரண்டாம் ஓய்வில் கிடக்கும் குட்டிக்கு அவை உதவாது என்று 1966-இல் எழுதிவிட்டார்கள். அதற்கு இருபது வருஷம் கழித்தும் எங்கள் ட்ரேயில் கோரமின் பாட்டில் இருந்தது.

பீரோவுக்குள் இருந்த அந்தப் பைக்கும் ஒரு கதை உண்டு. டென்மார்க்கில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆக்சிஜன் சிலிண்டர் வரத்து தடைபட்டபோது, மயக்க மருத்துவர் ஹென்னிங் ரூபனும் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் சிலிண்டர் இல்லாமலே காற்றூதும் பையைச் செய்தார்கள். அமுக்கினால் ஊதும், விட்டால் தானே விரிந்து அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும். முதல் மாதிரிப் பை விரிந்து நிற்க உள்ளே சைக்கிள் போக்ஸ் கம்பிகளை வைத்தார்களாம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. கரண்ட் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். எங்களைப் போன்ற மருத்துவமனைக்கென்றே செய்ததுபோல இருந்தது. கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச் வெளிச்சத்தில் அதை எத்தனையோ முறை அமுக்கியிருக்கிறேன். ஆனால் ஆக்சிஜன் குழாயைச் சொருகாமல் அமுக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். சிலிண்டர் காலியாக இருந்தால் குற்றவாளிபோல உணர்வோம்.

அந்தச் சட்டத்தை உடைத்தது டெல்லி. நார்வேக்காரர் ஓலா டிட்ரிக் சாக்ஸ்டட், மூச்சு முட்டிக் கிடந்த உடம்புக்குள் திடீரென்று சுத்த ஆக்சிஜனைச் செலுத்தினால் அதுவே திசுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைக் கிளப்பிவிடும் என்று 1980 வாக்கில் சொல்லத் தொடங்கினார். ஆக்சிஜன் தீங்கு செய்யும் என்பதை 1950-களிலேயே உலகம் ஒருமுறை பார்த்திருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனால் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தன. ஆனாலும், மூச்சில்லாத குழந்தைக்கு ஆக்சிஜன் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் சித்தார்த் ராம்ஜி கேட்டார். அங்கே 84 குழந்தைகளில் செய்த முதல் ஆய்வு 1993-இல் வந்தது. வெறும் காற்று ஊதிய குழந்தைகள் ஆக்சிஜன் குழந்தைகளுக்குக் குறைந்துபோகவில்லை. அடுத்தது ஆறு நாடுகள், 11 மருத்துவமனைகள், 609 குழந்தைகள், 1998-இல் வெளியானது. எந்தக் குழந்தைக்கு எது என்று எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? தேதியை வைத்து. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தால் காற்று, ஒற்றைப்படையில் பிறந்தால் ஆக்சிஜன். நாளும் கோளும் பார்க்கும் நம் ஊருக்கு ஏற்ற ஏற்பாடு! முதல் மூச்சு வரக் காற்றுக் குழந்தைகளுக்கு 1.1 நிமிஷம் ஆனது, ஆக்சிஜன் குழந்தைகளுக்கு 1.5 நிமிஷம். இறப்பிலும் காற்றுப் பக்கம் எண்ணிக்கை குறைவு, ஆனால் அந்த ஓர் ஆய்வில் அதை உறுதியாகச் சொல்லமுடியவில்லை. பின்னால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது வித்தியாசம் துலங்கியது. 2010-இல் உலக வழிகாட்டுதல் மாறியது: நிறைமாதக் குழந்தைக்கு வெறும் காற்றில் தொடங்கு.

எங்கள் பயிற்சியில் இதைச் சொன்னபோது கூட இருந்த சிஸ்டர் என் காதில், "சிலிண்டர் வாங்கப் பணமில்லைன்னு இப்படிச் சொல்றாங்களோ" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அடுத்து எங்கள் கையை விட்டுப் போனது உறிஞ்சுவது. எச்.ஐ.வி. பயம் வந்தபோதே வாயால் உறிஞ்சுவதை நிறுத்தி சக்‌ஷன் மெஷினுக்கு மாறியிருந்தோம். ஆனால் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துப் பச்சைத் தண்ணீரோடு வரும் குழந்தைக்கு, தலை வெளியே தெரிந்ததுமே மூக்கும் வாயும் உறிஞ்சவேண்டும். துவண்டிருந்தால் மூச்சுக்குழலுக்குள்ளேயே குழாய் விட்டு உறிஞ்சவேண்டும் என்பது 1970-களிலிருந்து வேதவாக்கு. தலை தெரிந்ததும் உறிஞ்சுவதில் பயனில்லை என்று 2004-இல் 2,514 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு சொன்னது. துவண்ட குழந்தையின் மூச்சுக்குழலை என்ன செய்வது? இதற்கு விடை தேடியது நமக்குப் பக்கத்துப் புதுச்சேரி. ஜிப்மரில் 122 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குழாய்விட்டு உறிஞ்சி, மறு பிரிவுக்கு உறிஞ்சாமல் பார்த்தார்கள். வித்தியாசமில்லை. அந்த ஆய்வு 2015-இல் அச்சேறியது. அதே வருஷம் வந்த உலக வழிகாட்டுதல், வழக்கமாகக் குழாய் விடுவதைக் கைவிட்டது. உறிஞ்சுவதில் வீணாகும் விநாடியைக் காற்றூதச் செலவிடு என்றது. நாற்பது வருஷ வேதவாக்கைப் புதுச்சேரிப் பிரசவ அறையில் பிறந்த 122 பிள்ளைகள் அசைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சரியாக இருந்தது நமக்கும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் ஒருநாள் போனது. மூச்சு முட்டியதால் மூளை பாதித்த குழந்தையை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளையைக் காப்பாற்றலாம் என்று 2005-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. எங்களுக்கு அந்தக் கூலிங் மெஷின் வரவில்லையே என்று ஏங்கியிருக்கிறோம். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் ஏழு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள்; சென்னையும் அதில் சேர்த்தி. 408 குழந்தைகள். முடிவு 2021-இல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். சோதிக்காமல் ஊரெல்லாம் மெஷின் வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

போனதெல்லாம் போக, திரும்பி வந்ததும் ஒன்றுண்டு. நான் சேர்ந்த காலத்தில் குழந்தை வந்த நொடியே கொடியைக் கத்தரிப்போம். அப்பத்தா அறுக்காமல் காத்திருந்ததைக் கிராமத்து மூடத்தனம் என்று நினைத்தேன். அவசரமாகக் கட்டினால் குழந்தைக்குச் சேரவேண்டிய ரத்தம் நஞ்சிலேயே தங்கிவிடும் என்று சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் 1801-லேயே எச்சரித்திருக்கிறார். இன்று உலகச் சுகாதார நிறுவனமும், நல்ல மூச்சோடு வந்த குழந்தைக்கு ஒரு நிமிஷமாவது பொறு என்கிறது. அப்பத்தா நஞ்சைச் சூடுகாட்டியது தப்பு. காத்திருந்தது சரி. அவளுக்கு நான் பாதி மார்க் போட்டுவிட்டேன்.

ஓய்வுபெறும் நாளில் என் ட்ரேயில் இருந்தவை: உலர்ந்த துணி, ஆம்பு பேக், சின்ன மாஸ்க் இரண்டு அளவில். பீரோவுக்கு வெளியே, வார்மருக்குப் பக்கத்திலேயே. கோரமின் இல்லை, பைகார்ப் இல்லை. நூறு குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 85 தானாக மூச்சுவிடும். பத்துக்குத் துடைத்துத் தேய்த்துவிட்டால் போதும். ஐந்துக்கு அந்தப் பை வேண்டும். அதையும் முதல் நிமிஷத்துக்குள் தொடங்கியிருக்கவேண்டும். இத்தனை ஆராய்ச்சியும் புதிதாகக் கொடுத்தது கொஞ்சம். எங்கள் கையிலிருந்து பிடுங்கிப் போட்டதுதான் அதிகம். அப்படிப் பிடுங்கியதில் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ. டெல்லியிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் அந்த ஆய்வுகளில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில், நம்மைப் போன்ற சனத்துக்கு.

பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவரும் குடும்பங்களுக்கு இரண்டு சொல். உள்ளே நர்ஸ் பையை அமுக்கிக்கொண்டிருக்கும்போது, "ஆக்சிஜன் வைக்கலையா?" என்று வாசலில் சத்தம் போடாதீர்கள், காற்று போதும் என்று தெரிந்தேதான் அமுக்குகிறாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி இரண்டை மறக்காமல் எடுத்துவாருங்கள். ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த.